வயிற்றில் திறந்த சிறு வாசல்

பங்குக் குருவிடம் மக்கள் கொண்டுவரும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. நான் குருப்பட்டம் பெற்று இக்கடற்கரைக்கு வந்த புதிதில் திருமணத் தடைகளைப் பற்றியும், படகுக் கடனைப் பற்றியும், அறுந்த வலைக்காக எழுந்த வழக்குகளைப் பற்றியும் கேட்டார்கள். இப்பொழுது வேறொரு கேள்வி அடிக்கடி என் அறை வாசலுக்கு வருகிறது. "சாமி, அப்பாவுக்கு வயிற்றில் டியூப் போடவேண்டும் என்று சொல்லுகிறார்கள். போடலாமா? போடாமல் விட்டால் பாவமா?" என்று கேட்கிறார்கள். அதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள்: "அவருக்கு முன்னமே அல்சர் ஆபரேஷன் செய்திருக்கிறது, சாமி. ஒரு முறை அறுத்த வயிற்றில் மறுபடியும் எப்படித் துளை போடுவது?"

நான் மருத்துவன் அல்லன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் ஒழுக்கவியலும் பயின்றவன். ஆயினும் நோயாளியின் கட்டிலருகே குடும்பத்தாரோடு நின்று சிந்திக்கவேண்டிய கடமை ஒரு குருவுக்கு உண்டு. ஆகவே மருத்துவர்களிடமும், நோயாளரைப் பராமரிக்கும் அருட்சகோதரிகளிடமும் கேட்டறிந்தவற்றையும், என் பங்கில் நேரில் கண்டவற்றையும், திருச்சபை இது பற்றிக் கற்பிப்பதையும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

கஞ்சியும் பாசமும்

நம் கடற்கரையில் அன்பை வாயால் சொல்லும் வழக்கம் குறைவு. விடியற்காலையில் கரை திரும்பும் கணவனுக்காக அடுப்பில் சூடு ஆறாமல் காத்திருக்கும் குழம்புதான் மனைவியின் அன்புமொழி. காய்ச்சலில் படுத்தவனுக்கு ஒரு குவளை நொய்க்கஞ்சி. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு. யாயீரின் மகளை உயிர்ப்பித்த நம் ஆண்டவர், உடனே அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார் என்று நற்செய்தியில் காண்கிறோம். உயிரை மீட்டுத் தந்தவரே அடுத்த கணத்தில் உணவை நினைத்தார்.

ஆகையால், வீட்டில் ஒருவர் விழுங்கும் சக்தியை இழந்துவிட்டால் அந்த வீடே கலங்கிப்போகிறது. பக்கவாதத்தினாலோ, தொண்டையிலும் உணவுக்குழாயிலும் வரும் புற்றுநோயினாலோ, நரம்புத் தளர்ச்சியினாலோ இது நேரிடலாம். தொண்டையில் இரண்டு பாதைகள் அருகருகே உள்ளன. ஒன்று மூச்சுக்குரியது, மற்றது உணவுக்குரியது. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சுப் பாதை ஒரு நொடி மூடிக்கொள்கிறது. பக்கவாதத்தில் மூளை அடிபடும்போது இந்த ஒழுங்கு குலைந்துவிடக்கூடும். அப்பொழுது வாயில் ஊற்றும் கஞ்சியோ, தண்ணீரோ நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா காய்ச்சலை உண்டாக்கும். சிலருக்குப் புரையேறும், இருமல் வரும், குரல் நீர் கொண்டதுபோல் கரகரக்கும். வேறு சிலருக்கு எந்த அடையாளமும் இல்லாமலே இறங்கிவிடும். "ஒரு வாய்தானே" என்று அன்போடு ஊட்டும் கரண்டி, நோயாளியின் உயிருக்கே ஆபத்தாவது இப்படித்தான்.

இதனால்தான் மருத்துவர்கள் முதலில் மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாயை இறக்குகிறார்கள். நம் மருத்துவமனைகளில் இதனை ரைல்ஸ் டியூப் என்பார்கள். பக்கவாத நோயாளிகளில் பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் சக்தி திரும்பிவிடுகிறது, குழாயை எடுத்துவிடலாம். ஆனால் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு மேலும் குழாய் தேவைப்படும் என்று தோன்றினால், வயிற்றின் மேல்தோல் வழியே நேராக இரைப்பைக்குள் ஒரு குழாயைப் பொருத்துவது நல்லது என்று ஆலோசனை சொல்லுகிறார்கள். மூக்கில் புண் இல்லை. தொண்டையில் உறுத்தல் இல்லை. தூக்கத்தில் பிடுங்கிவிடுவானோ என்று நோயாளியின் கைகளைத் துணியால் கட்டிவைக்கும் கொடுமையும் பெரும்பாலும் இல்லை.

அறுத்த வயிறுகளின் தலைமுறை

நம் பக்கத்து முதியவர்களில் பலரைச் சட்டையில்லாமல் காணும்போது, நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புள்வரை நீண்ட ஒரு தழும்பைக் காணலாம். அரிசிச் சோறு உண்ணும் தென்னிந்தியப் பகுதிகளில் முன்சிறுகுடற் புண் மிக அதிகமாக இருந்தது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரப் பயணங்களில் பங்குகொண்ட ஹோவர்டு சாமர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர், தாயகத்தில் காத்திருந்த பெரும் பதவி வாய்ப்புகளை விட்டுவிட்டு, இன்று குமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரின் மிஷன் மருத்துவமனைக்குப் பணியாற்ற வந்தார். அங்கே அவர் பெருந்தொகையாகச் செய்த அறுவைகளுள் இந்த வயிற்றுப் புண் அறுவையும் ஒன்று.

அறுவைகள் இருவகைப்பட்டன. இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சியதைக் குடலோடு இணைப்பது ஒன்று. இதனை 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் முதன்முதலாக வெற்றியுடன் செய்தவர் பில்ரோத் என்ற மேதை. இரைப்பையை வெட்டாமல் அப்படியே விட்டுக் குடலை அதனோடு இணைத்துத் தைப்பது மற்றொன்று. நம் பக்கத்தில் பெரிய ஆபரேஷன் என்றால் மதுரைக்குத்தான் போகவேண்டும். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முன்பு வழங்கிய அரசு இராஜாஜி மருத்துவமனையின் பெயர் அறியாத முதியவர் இத்தீவில் இல்லை. பாம்பனில் சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988-இல்தான். அதற்கு முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரயிலில் பாலத்தைக் கடந்தவர்கள் எத்தனையோ பேர்.

இன்று அந்த அறுவை அரிதாகிவிட்டது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அமிலத்தைக் குறைக்கும் நல்ல மாத்திரைகள் வரத் தொடங்கின. 1982-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாரன், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இப்புண்ணுக்குப் பெருங்காரணம் ஒரு நுண்கிருமி என்று கண்டனர். அதற்காக 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். மிளகாயையும் கவலையையும் மட்டுமே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்த நோய், இரண்டு வார மாத்திரையில் குணமாகும் நோயாயிற்று. ஆயினும் முன்னாளில் அறுவை செய்துகொண்டவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டியிருக்கிறார்கள். பக்கவாதம் வரும் வயதும் அதுவே. பழைய தழும்பும் புதிய தேவையும் ஒரே உடலில் சந்திக்கின்றன.

ஒரு மீனவக் குடும்பம்

என் பங்கில் அப்படி ஒருவர் இருந்தார். 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது, சிறுவனாய்த் தப்பித் தீவின் இப்பக்கம் குடியேறியவர். வாலிப வயதில் மதுரையில் வயிற்றுப் புண்ணுக்கு அறுவை நடந்தது. அதன் பிறகும் நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போய்வந்தார். 2022-இல் ஒருநாள் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கையில் வலப்பக்கம் சாய்ந்தது, பேச்சு குழறியது, விழுங்கமுடியவில்லை. அறிவு மட்டும் தெளிவாகவே இருந்தது.

இரண்டு மாதம் மூக்குக் குழாயிலேயே கழிந்தது. இடக்கையால் அதைப் பலமுறை பிடுங்கினார். மறுபடி மறுபடி இறக்கினார்கள். பின்பு ஒரு மருத்துவமனையில், எண்டோஸ்கோப் கருவியை வாய் வழியே இறக்கி வயிற்றில் குழாய் பொருத்த முயன்றார்கள். அக்கருவியின் நுனி விளக்கு, இரைப்பையின் உள்ளிருந்து வயிற்றுத் தோலில் வெளிச்சமாகத் தெரியவேண்டும். அப்படித் தெரியும் இடத்தில்தான் ஊசி செலுத்துவார்கள். இவருக்கு வெளிச்சம் தெரியவில்லை. தெரியாத இடத்தில் குத்துவது தவறு என்று மருத்துவர் நிறுத்திக்கொண்டார். அது சரியான செயலே. ஆனால் "இந்த வழியில் முடியாது" என்று அவர் சொன்னது, வீட்டாரின் காதில் "இனி ஒன்றும் முடியாது" என்று விழுந்துவிட்டது.

நோயில் பூசுதல் கொடுக்க நான் போனபோது, அந்த அம்மாள் கரண்டியில் கஞ்சியைத் துளித்துளியாக ஊட்டிக்கொண்டிருந்தார். பெரியவருக்கு ஒவ்வொரு துளிக்கும் புரையேறிக்கொண்டிருந்தது. "பட்டினியாய்ப் போகவிடமாட்டேன், சாமி. நாற்பத்தெட்டு வருஷம் என் கையால் சாப்பிட்ட மனிதர்" என்றார். அந்தக் கையைக் கண்டிக்க யாருக்கு மனம் வரும்?

வீட்டின் தகரப் பெட்டியில், ஞானஸ்நானச் சான்றிதழ்களோடும் வீட்டுப் பத்திரத்தோடும், பழைய அறுவையின் காகிதம் மஞ்சளாய் மடிந்து கிடந்தது. இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டது என்று அதில் குறித்திருந்தது. அதைத் தொலைபேசியில் ஓர் அருட்சகோதரிக்குப் படித்துக் காட்டினேன். நெடுநாள் மருத்துவமனைப் பணியில் இருக்கும் அவர், "எக்ஸ்ரே, ஸ்கேன் துணைகொண்டு வெளியிலிருந்தே குழாய் பொருத்தும் முறை இருக்கிறது. அறுத்த வயிற்றுக்கும் அதைச் செய்து பார்க்கிறார்கள். மதுரைக்குக் கொண்டுபோங்கள்" என்றார். மூத்த மகன் விசைப்படகு ஓட்டுபவர். தந்தையின் காதருகே குனிந்து, "போவோமாப்பா?" என்று கேட்டார். பெரியவர் கண்ணை மூடித் திறந்து சம்மதம் தெரிவித்தார். அறிவு தெளிவாயுள்ள நோயாளியிடம்தான் முதலில் கேட்கவேண்டும் என்பதை அம்மகன் எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தார்.

படம் பார்த்து வழி காணுதல்

அறுத்த இரைப்பையில் என்ன சிக்கல் என்பதை மதுரையில் மருத்துவர் படம் வைத்து விளக்கினார். பகுதி நீக்கிய இரைப்பை சிறுத்து, மேலே ஏறி, இடப்பக்க விலா எலும்புகளின் அடியில் ஒளிந்துகொள்கிறது. முன்புறம் பெருங்குடலோ ஈரலின் ஓரமோ வந்து மறைத்துக்கொள்கிறது. பழைய அறுவையினால் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். கண்மூடித்தனமாக ஊசி போட்டால் பெருங்குடலில் துளை விழலாம். ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள். பெருங்குடல் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்படி, முந்தின நாளே சிறிது பேரியம் மருந்தை உள்ளே செலுத்துவதும் உண்டு. ஈரலின் ஓரத்தை அல்ட்ராசவுண்டு ஸ்கேனால் கண்டு தோலின்மேல் மையால் கோடிடுகிறார்கள்.

இந்த இடத்தில் மகன் சொன்ன வார்த்தையை நான் மறப்பதற்கில்லை. "இது எங்கள் படகில் இருக்கும் எக்கோ மாதிரிதானே, டாக்டர்?" என்றார். மருத்துவர் சிரித்து, "அதேதான்" என்றார். ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதைக்கொண்டு ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் கருவியும், உடலுக்குள் உறுப்பைக் காட்டும் கருவியும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. பாறையும் மணல்திட்டும் நிறைந்த பாம்பன் கடலில் வழி பார்த்து ஓட்டும் ஒருவருக்கு, பார்த்துச் செல்லுதல் என்பதன் பொருள் எளிதில் விளங்கியது.

பின்பு மூக்கு வழியே ஒரு மெல்லிய குழாயினால் இரைப்பைக்குள் காற்றைச் செலுத்தினார்கள். காற்று நிறைந்ததும் சுருங்கிக் கிடந்த இரைப்பை விரிந்து கீழே இறங்குகிறது; பெருங்குடல் சற்று விலகுகிறது. அறுத்த இரைப்பையில் காற்று நெடுநேரம் நிற்பதில்லை. இணைப்பு வழியாகக் குடலுக்குள் ஓடிவிடும். ஆகவே அசையும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே, தோல் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, விரைந்து செயற்படவேண்டும். மெல்லிய ஊசி உள்ளே போனதும் சாய மருந்து சிறிது செலுத்தி, ஊசி இரைப்பைக்குள்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்கிறார்கள். பிறகு நூலில் கட்டிய சிறு உலோகத் துண்டுகளை உள்ளே இறக்கி, இரைப்பைச் சுவரை வயிற்றுச் சுவரோடு இழுத்துப் பிடிக்கவைக்கிறார்கள். இவற்றுக்கு மருத்துவர்களே நங்கூரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! இறுதியாக, ஒரு கம்பியின் மேல் துளையைச் சிறிது சிறிதாக அகலப்படுத்திக் குழாயைப் பொருத்துகிறார்கள். பெரியவருக்கு எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

எல்லாருக்கும் இது கைகூடும் என்று சொல்லமாட்டேன். சிலருக்குக் காற்று நிறைத்த பிறகும் பாதுகாப்பான வழி தென்படாது. இரைப்பை முழுவதையுமே நீக்கியவர்களும் உண்டு. அவர்களுக்குச் சிறுகுடலின் ஒரு வளைவில் இதே முறையில் குழாய் பொருத்தலாம். அதுவும் இயலாவிட்டால் வயிற்றைச் சிறிது திறந்து செய்யும் அறுவை இருக்கிறது. இரத்தக் கசிவு, சீழ், உள்ளே உணவு கசிந்து வயிறு வீங்குதல் முதலிய ஆபத்துகளும் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வழியில் முடியாதது மற்றொரு வழியில் முடியலாம் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருக்கவேண்டும்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1822-இல் வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் சேன் மார்த்தேன் என்ற கனடா நாட்டுக் கத்தோலிக்க வாலிபனின் வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவன் பிழைத்தான், ஆனால் இரைப்பைக்குப் போகும் துளை மூடவேயில்லை. வயிற்றில் வாசலோடும் மனிதன் நெடுங்காலம் வாழலாம் என்பதை உலகம் அவன்மூலம் கண்டது. 1849-இல் பிரெஞ்சு மருத்துவர் செதியோ உணவூட்டுவதற்கென்றே இத்தகைய துளையை முதன்முதல் செய்தார், நோயாளி பிழைக்கவில்லை. வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப் துணையால் குழாய் பொருத்தும் முறையை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கௌடரர், பான்ஸ்கி என்ற இருவர் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் செய்தனர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தே பொருத்தும் முறையைக் கனடா நாட்டு மருத்துவர் பிரஷா 1981-இல் வெளியிட்டார். வியன்னாவில் இரைப்பையை வெட்டிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் சரியாக நூறு ஆண்டுகள்.

குழாயோடு வாழ்ந்த நாட்கள்

பெரியவர் வீடு திரும்பியதும், அந்த அம்மாளுக்கு மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தவற்றை மருமகள் ஒரு தாளில் எழுதி, திரு இருதயப் படத்தின் அருகே ஒட்டிவைத்தாள். உணவு கொடுக்கும்போதும் அதன் பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்கவேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் செலுத்திக் குழாயைக் கழுவவேண்டும். கை சுத்தம், பாத்திரச் சுத்தம் தவறக்கூடாது. சிறுத்த இரைப்பையாகையால் சிறிது சிறிதாக, மெதுவாகக் கொடுக்கவேண்டும். எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் பொடித்துப் போடக்கூடாது. குழாய் நழுவி வெளியே வந்துவிட்டால், அதுவும் முதல் நான்கு வாரங்களுக்குள் வந்துவிட்டால், வீட்டிலேயே திரும்பச் சொருகக்கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும், ஏனெனில் துளை விரைவில் மூடிக்கொள்ளும்.

முதல் வாரம் அந்த அம்மாள் குழாயைத் தொடவே அஞ்சினார். பிறகு ஒருநாள் நான் போனபோது, வடிகட்டிய கஞ்சியின் சூட்டைத் தம் புறங்கையில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு அவருக்குத் தெரியாதே, அம்மா" என்றேன். "எனக்குத் தெரியுமே, சாமி" என்றார். அப்பொழுது எனக்கு ஒன்று விளங்கியது. உணவு போகும் வழி மாறியதே தவிர, ஊட்டும் கை அதே கையாகவே இருந்தது.

நற்கருணையைப் பற்றியும் அவர்கள் கேட்டார்கள். விழுங்கமுடியாதவருக்கு அப்பத்தின் சிறு துணுக்கும் ஆபத்தாகலாம். தேவை ஏற்படும்போது திராட்சை இரச வடிவில் மட்டுமே நற்கருணை வழங்கலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 925-ஆம் எண் இடமளிக்கிறது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அவர் நாவில் ஒரு துளி மட்டும் இட்டேன். ஒரு துளியிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். அதுவும் இயலாதவர்கள் ஆசை நன்மை வாங்கலாம். வாயால் உண்ணமுடியாதவர் நற்கருணைப் பந்தியினின்று விலக்கப்பட்டவர் அல்லர்.

இப்படியாகப் பதினான்கு மாதங்கள் அவர் வாழ்ந்தார். பேத்தி முதல் நன்மை வாங்கிய நாளில் நாற்காலியில் அமர்த்திக் கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். மாலையில் திண்ணையில் அமர்ந்து படகுகள் திரும்புவதைப் பார்ப்பார். காற்று மாறினால் இடக்கையைத் தூக்கி மகனுக்குக் காட்டுவார்.

போடாமல் விட்டால் பாவமா?

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். நோயாளருக்கு உணவும் தண்ணீரும் கொடுப்பது, அது குழாய் வழியானாலும், உயிரைக் காக்கும் இயல்பான வழியென்றும், தன் நோக்கத்தை அது நிறைவேற்றும்வரை கொடுக்க வேண்டியதே பொதுவிதியென்றும் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 2004 மார்ச் 20 அன்று போதித்தார். அடுத்த ஆண்டே, நோய் முற்றிய அவருக்கே மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கவேண்டியதாயிற்று. 2005 மார்ச் 30 அன்று வத்திக்கான் அதனை அறிவித்தது. ஏப்ரல் 2 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார்.

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2007-இல் இப்போதனையை மீண்டும் உறுதிப்படுத்தியபோது விலக்குகளையும் சொன்னது. உணவை உடல் ஏற்றுக்கொள்ள இயலாத நிலை வந்தாலோ, அதைக் கொடுப்பது நோயாளிக்குத் தாங்கமுடியாத பாரமானாலோ, கடமை அங்கே நின்றுவிடுகிறது. 2020-இல் வெளிவந்த ஏட்டிலும் இதே வழியே காட்டப்பட்டது. சாவை விரும்பி உணவை நிறுத்துவது வேறு. சாவு தானே வந்து நிற்கையில், பயன்படாத உணவை உடலுக்குள் திணிக்காதிருப்பது வேறு. முதலாவது கொலை, இரண்டாவது மனிதனின் எல்லையை ஏற்றுக்கொள்ளும் பணிவு. முதுமை மறதி நோயின் கடைசி நிலையில் இருப்பவர்களுக்குக் குழாய் ஆயுளை நீட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதும், அவர்களுக்குப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கவை.

அந்தக் குடும்பத்துக்கும் இரண்டாவது கேள்வி வந்தது. மறுபடியும் பக்கவாதம் தாக்கி, சிறுநீரகமும் தளர்ந்தபோது, கொடுத்த உணவெல்லாம் எதுக்களித்து வந்தது. உடல் நீர்கொண்டு வீங்கியது. உணவு இனி அவருக்குத் துன்பமே தரும் என்று மருத்துவர் சொன்னார். "நிறுத்தினால் நான் அவரைக் கொன்றவள் ஆகிவிடுவேனா, சாமி?" என்று அந்த அம்மாள் கேட்டார். "இல்லை அம்மா. உணவு அவரைக் காத்தவரை கொடுத்தீர்கள். இப்பொழுது உணவு அவரைக் காக்கவில்லை. உடனிருப்பதே இனி நீங்கள் கொடுக்கும் உணவு" என்றேன். மூன்று நாள் ஈரப் பஞ்சினால் உதடுகளை நனைத்துக்கொண்டு, செபமாலை சொல்லிக்கொண்டு, இரவும் பகலும் அருகிலேயே இருந்தார். குடும்பம் முழுவதும் சூழ்ந்திருக்க அவர் அமைதியாக இறந்தார்.

நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

வீட்டில் உள்ள முதியவருக்கு முன்பு வயிற்றில் அறுவை நடந்திருந்தால், அதன் காகிதங்களை இன்றே தேடி எடுத்து வையுங்கள். இரைப்பை வெட்டப்பட்டதா, குடலோடு இணைக்க மட்டும் செய்யப்பட்டதா என்பது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். காகிதம் இல்லாவிட்டால், எந்த ஊரில், எந்த ஆண்டில், எதற்காக நடந்தது என்று அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்கும் சக்தியை மருத்துவமனையில் சோதித்துப் பார்க்கும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தீர்த்தமாயினும் ஊற்றாதீர்கள், நெற்றியில் பூசுங்கள்.

"எண்டோஸ்கோப்பில் முடியவில்லை" என்று சொல்லப்பட்டால், "படம் பார்த்துச் செய்யும் முறை இவருக்குப் பொருந்துமா? அது எங்கே நடக்கிறது?" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், செலவை எண்ணி மனம் சோர்ந்துவிடுமுன் அதனை மருத்துவமனையில் காட்டி விசாரிக்கவேண்டும். படுக்கையில் இருப்போரை வீட்டிலேயே வந்து கவனிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. அதற்குரிய செவிலியரைத் தேடிக் கேளுங்கள்.

இளைஞர்களுக்கும் மரியாயின் சேனையாருக்கும் ஒரு வேண்டுகோள். குழாயோடு இருக்கும் நோயாளியின் வீட்டுக்கு மக்கள் போகத் தயங்குகிறார்கள். என்ன பேசுவது, எதைக் கொண்டுபோவது என்று தெரியவில்லை என்கிறார்கள். பழம் வாங்கிக்கொண்டு போகமுடியாத வீடுதான். ஆனால் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால், இரவெல்லாம் விழித்திருந்த ஒரு மனைவியோ மகளோ சற்றுக் கண்ணயர முடியும். பசித்தோர்க்கு உணவளித்தலையும் நோயாளரைச் சந்தித்தலையும் இரக்கச் செயல்களாக நம் ஞானோபதேசத்தில் தனித்தனியே படித்திருக்கிறோம். அந்த வீட்டில் இவ்விரண்டும் ஒரே செயலாகின்றன. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அங்கே போங்கள்.